நஞ்சுக்கொடி மலேரியா

கர்ப்பிணியின் நஞ்சுக்கொடியில், தாயின் இரத்தம் நிறைந்திருக்கும் இடைவெளிகளில் மலேரியா ஒட்டுண்ணி குவிந்து பெருகும் நோய்நிலை. பெரும்பாலும் பிளாஸ்மோடியம் ஃபால்சிபாரம் என்னும் இனமே இதற்குக் காரணம். தாய்க்கு இரத்தசோகை, குறைப்பிரசவம், 2,500 கிராமுக்கும் குறைந்த எடையில் குழந்தை, சில வேளை செத்துப்பிறத்தல் ஆகியவை இதன் விளைவுகள். காய்ச்சலே இல்லாமலும் இது நிகழும் என்பதுதான் இதன் கொடுமை.

பனாமா கால்வாய்ப் பகுதியில் பணியாற்றிய ஹெர்பர்ட் கிளார்க், நஞ்சுக்கொடி இரத்தத்தைக் கண்ணாடியில் தடவிப் பார்த்து, நோய் கண்டறிய அது எவ்வளவு உதவும் என்பதை 1915இல் எழுதினார். விரல் நுனி இரத்தத்தில் தென்படாத ஒட்டுண்ணி அங்கே மண்டிக் கிடந்தது. பிள்ளை பிறந்ததும் புதைத்துவிடும் உறுப்பில் இத்தனை செய்தி இருந்தது. 1925இல் சியரா லியோனின் ஃப்ரீடவுனில் பிளாக்லாக், கார்டன் என்னும் ஆய்வாளர் இருவரும் இத்தொற்றைப் பச்சிளங்குழந்தைகளின் இறப்போடு தொடர்புபடுத்தினர். 1934–35இல் இலங்கையைச் சூறையாடிய மலேரியாக் கொள்ளைநோயின்போது கர்ப்பிணிகள் பட்ட பாட்டை அந்நாட்டு மருத்துவர் விக்கிரமசூரிய பதிவு செய்தார். மலேரியா அரிதாக இருந்த ஈரவலயத்து மக்களுக்கு எதிர்ப்பாற்றல் இல்லாததால் தாய்மார்களே மடிந்தனர்.

மலேரியா ஓயாத ஆப்பிரிக்க ஊர்களில் நிலைமை வேறு. சிறு வயது முதல் கொசுக்கடிபட்டு எதிர்ப்பாற்றல் பெற்ற பெண்ணும் தலைப்பிரசவத்தில் இந்நோய்க்கு ஆளாகிறாள். அடுத்தடுத்த பேறுகளில் ஆபத்து குறைகிறது. கர்ப்பத்தில் உடல் தளர்ந்துவிடுவதே காரணம் என்ற பழைய விளக்கம், முதல் பிள்ளைக்கும் மூன்றாம் பிள்ளைக்கும் உள்ள இந்த வேறுபாட்டின் முன் நிற்கவில்லை. விடை மேற்குக் கென்யாவில் கிடைத்தது. தொற்றுற்ற சிவப்பணுக்கள் நஞ்சுக்கொடியில் உள்ள கோண்ட்ராய்ட்டின் சல்பேட் ஏ என்ற பொருளைப் பற்றிக்கொள்வதை மிஹால் ஃப்ரீட், பேட்ரிக் டஃபி ஆகிய ஆய்வாளர்கள் 1996இல் காட்டினர். நஞ்சுக்கொடி உருவாகும்வரை இவ்வகை ஒட்டுண்ணிக்குத் தங்க இடமில்லை. ஆகவே அதற்கான எதிர்ப்பொருளும் முதல் கர்ப்பத்துக்கு முன் உடலில் உருவாவதில்லை. பலமுறை கருவுற்ற பெண்களின் இரத்தத்தில் அப்பிடிப்பைத் தடுக்கும் எதிர்ப்பொருள் இருப்பதை 1998இல் அவர்கள் நிறுவினர். அதே பகுதி ஆண்களிடம் அது இல்லை. பற்றும் புரதமான வார்2சிஎஸ்ஏ 2003இல் அடையாளம் காணப்பட்டது.

தடுப்புக்கு மருந்தூட்டிய கொசுவலையும் சல்ஃபடாக்சின்–பைரிமெத்தமின் மாத்திரையும் துணை. ஆப்பிரிக்காவுக்கான 2004ஆம் ஆண்டுத் திட்டத்தில் இம்மாத்திரையைச் சேர்த்த உலக சுகாதார நிறுவனம், 2012 முதல் இரண்டாம் மும்மாதத்திலிருந்து ஒவ்வொரு கர்ப்பப் பரிசோதனையின்போதும், ஒரு மாத இடைவெளியாவது விட்டு, கொடுக்கப் பரிந்துரைக்கிறது. கிழக்கு ஆப்பிரிக்காவில் ஒட்டுண்ணி இம்மருந்தை எதிர்த்துப் பழகிவிட்டது. வார்2சிஎஸ்ஏ புரதத்தைக் கொண்டு செய்த பாம்வாக், பிரிம்வாக் தடுப்பூசிகள் முதற்கட்டச் சோதனையைக் கடந்தன. அவற்றால் உருவான எதிர்ப்பொருள் பெரும்பாலும் தடுப்பூசியில் இருந்த புரத வகையை மட்டுமே எதிர்த்தது. ஒட்டுண்ணியிடமோ அப்புரதம் பல வகைகளில் உள்ளது.