பொதி மாடும் பொதிக் கழுதையும்

மன்னார்த் தீவில் ஆள் இல்லாக் கழுதைகள் கூட்டம் கூட்டமாகத் திரிகின்றன. புத்தளம், கற்பிட்டிப் பக்கமும் அவை உண்டு. கிழக்கே கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்றுக் கரையில் அப்படி ஒரு கூட்டம் கிடையாது. இரு கரைகளிலும் சுமை ஏற்றி வணிகம் செய்தவர்களில் முஸ்லிம்கள் முன்நின்றவர்கள்தான். மண்தான் வேறு.

கழுதையின் பூர்வீகம் வடகிழக்கு ஆபிரிக்கா. காய்ந்த புல்லைத் தின்றே காலம் தள்ளும். தண்ணீர் குறைந்தாலும் தாங்கும். வறண்ட மன்னாருக்கு ஏற்ற பிராணி. அரபு வணிகர்களே அதைக் கொண்டுவந்தார்கள் என்பது வழிவழிப் பேச்சு. பள்ளிமுனையில் நிற்கும் பெருக்கமரத்துக்கும் இதே கதையைத்தான் சொல்கிறார்கள்.

கிழக்கில் வயலும் மேய்ச்சலும் இருந்தன, ஆகவே மாடு. 1626இல் போர்த்துக்கேயர் வெளியேற்றிய முஸ்லிம்களில் சுமார் 4,000 பேரைக் கண்டி மன்னன் செனரத் மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான். இன்றைய அம்பாறைக் கரையும் அன்று மட்டக்களப்புக்குள் அடக்கம். கரையிலிருந்து உப்பும் கருவாடும் முதுகின் இருபுறமும் தொங்க, பொதி மாடுகள் வரிசையாகக் காட்டுவழியே மலைநாட்டுக்கு ஏறின; திரும்பும்போது பாக்கும் மிளகும் வந்தன. இதுவே தவளம். கண்டியரசு சுமைமாட்டுப் போக்குவரத்துக்கென்றே 'மடிகே பத்த' என்ற பிரிவை வைத்திருந்தது. அதில் முஸ்லிம்கள் ஊழியம் செய்தார்கள். மலைநாட்டுக்கு உப்பு கடலோரத்திலிருந்தே வரவேண்டியிருந்ததால், தவளக்காரனை அரசனாலும் பகைத்துக்கொள்ள முடியாது.

1815இல் கண்டி ஆங்கிலேயர் கைக்குப் போனது. பிறகு தெருக்கள் வெட்டப்பட்டன, மாட்டுக்கரத்தை ஓடியது. 1914இல் தலைமன்னாருக்கும் 1928இல் மட்டக்களப்புக்கும் ரயில் வந்தது. லொறியும் வந்தபின் பொதிப் பிராணிக்கு வேலை இல்லை. கிழக்கின் மாட்டுக்கு ஏர் இருந்தது, பால் இருந்தது, இறைச்சிக்கும் விலை இருந்தது. நாட்டுக்கழுதையின் இறைச்சியோ மார்க்கத்தில் ஹராம், வாங்க ஆளில்லை. கட்டித் தீனி போடுவதைவிட அவிழ்த்துவிடுவதே லாபம்.

கரீபியன் கடலின் பொனேர் தீவிலும் இதுவே நடந்தது. ஸ்பானியர் கொண்டுவந்த கழுதைகள் அங்கே உப்பளங்களில் உழைத்தன. இயந்திரம் வந்ததும் தெருவுக்கு வந்தன. 1993இல் அவற்றுக்கு ஒரு காப்பகம் அமைந்தது.

மன்னாரில் கழுதைகள் குப்பையில் பொலித்தீனைத் தின்கின்றன, இரவில் தார்த் தெருவில் படுத்து வாகனத்தில் அடிபடுகின்றன. காயப்பட்டவற்றுக்கு மருந்திட, 'பிரிட்ஜிங் லங்கா' என்ற தொண்டு நிறுவனம் அங்கே கழுதை மருத்துவ நிலையம் ஒன்றைத் தொடங்கியது.