தர்மபுரியிலிருந்து மக்கா: விமான தூரமும் பயண நேரமும்

நமது தர்மபுரி மாவட்டத்தில் விமான நிலையம் இல்லை. பக்கத்திலுள்ள சேலம் நிலையத்திலிருந்து வெளிநாட்டு விமானங்கள் புறப்படுவதில்லை. எனவே உம்ரா செல்லும் நம் மக்கள் பெங்களூரு அல்லது சென்னைக்குத்தான் போக வேண்டும்.

தூரமும் நேரமும்

வான்வழியில் பெங்களூரு - ஜித்தா சுமார் 4,200 கி.மீ.; சென்னை - ஜித்தா சுமார் 4,450 கி.மீ. நேரடி விமானம் ஏறக்குறைய ஆறு மணி நேரத்தில் சென்றுவிடும். துபாய், மஸ்கட் வழியாக மாறிச் சென்றால் காத்திருக்கும் நேரமும் சேரும்.

தர்மபுரியிலிருந்து ஓசூர் வழியாக பெங்களூரு விமான நிலையம் செல்ல நெரிசலையும் சேர்த்து நான்கு மணி நேரம் ஒதுக்குங்கள். சென்னைக்கு சுமார் 300 கி.மீ. புறப்பாட்டுக்கு மூன்று, நான்கு மணி நேரம் முன்பே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். ஜித்தாவிலிருந்து மக்கா சுமார் 80 கி.மீ. ஆக, வீட்டு வாசலிலிருந்து ஹரம் வரை 16 முதல் 18 மணி நேரம் ஆகும் என்று எண்ணிக்கொள்வது நல்லது.

கடிகாரக் கணக்கு

சவூதி நேரம் நம் நேரத்தை விட இரண்டரை மணி நேரம் பின்தங்கியது. பகல் 2 மணிக்குப் புறப்படும் விமானம் இறங்கும்போது நமக்கு இரவு 8 மணி. அங்கே மாலை 5.30தான். சூரியனோடு சேர்ந்து மேற்கே செல்வதால் பகல் நீளும். நோன்பாளி ஊர் நேரத்தைப் பார்த்து நோன்பு திறக்கக் கூடாது. விமானத்திலிருந்து பார்க்கையில் சூரியன் மறைய வேண்டும். தொழுகை நேரங்களுக்கும் இதே அளவுகோல்தான். திரும்பி வரும்போது பகல் சுருங்கும். தொழுகை தவறிவிடாமல் கவனம் தேவை.

மீக்காத் எப்போது வரும்?

முக்கியமான விஷயம் இதுதான். கப்பலில் சென்ற நம் முன்னோர்களுக்கு யலம்லம் எல்லையாக இருந்தது. அந்தக் கப்பல் பயணம் 1995-உடன் நின்றுபோனது. இன்றைய விமானங்கள் பெரும்பாலும் தாயிஃப் பக்கமுள்ள கர்னுல் மனாஸில் வழியாகவே ஜித்தாவை அடைகின்றன. அதாவது, இறங்குவதற்கு அரை மணி நேரம் முன்பே மீக்காத் கடந்துவிடும்.

இஹ்ராம் துணியைப் பெரிய பெட்டியில் வைத்து அனுப்பிவிட்டு, ஜித்தாவில் இறங்கிக் கட்டிக்கொள்ளலாம் என்றிருப்போர் இங்கேதான் சிக்குகிறார்கள். இஹ்ராமின்றி மீக்காத்தைக் கடந்தவர் அங்கே திரும்பிச் சென்று இஹ்ராம் கட்ட வேண்டும்; இல்லையேல் ‘தம்’ கடமையாகும். ஹரம் எல்லைக்குள் ஓர் ஆட்டை அறுத்து ஏழைகளுக்கு வழங்க வேண்டும். ஷாஃபிஈ, ஹனஃபி இரு மத்ஹபுகளின் தீர்ப்பும் இதுவே.

ஆகவே குளித்து, இஹ்ராம் துணியை வீட்டிலோ விமான நிலையத்திலோ அணிந்துவிடுங்கள். துணி அணிவதால் மட்டும் இஹ்ராம் ஆகிவிடாது. மீக்காத் அறிவிப்பு வந்ததும் நிய்யத் வைத்து தல்பியா சொல்லுங்கள். தூங்கிவிடுவோம் என்று அஞ்சுபவர் முன்கூட்டியே நிய்யத் செய்துகொள்ளலாம். முதலில் மதீனா செல்பவர்களுக்கு விமானத்தில் இஹ்ராம் தேவையில்லை. மதீனாவிலிருந்து மக்கா புறப்படும்போது துல்ஹுலைஃபாவில் கட்டிக்கொள்ளலாம்.

வல்ல அல்லாஹ் நம் பயணங்களை இலேசாக்கி, அமல்களை ஏற்றுக்கொள்வானாக! ஆமீன்.