வந்தான், வந்திருக்கிறான்

ஆங்கிலம் கற்கும் நம் பிள்ளைகள் இடறும் இடங்களுள் ஒன்று, ‘ஹி கேம்’ என்பதா, ‘ஹி ஹாஸ் கம்’ என்பதா என்னும் ஐயம். முன்னது தனி இறந்தகாலம். கழிந்த பொழுதைச் சுட்டுவது. பின்னது நிகழ்கால நிறைவு. முடிந்த செயலின் தொடர்பு இன்றும் நிற்பதைச் சுட்டுவது. ஆதலின் ‘நேற்று’ என்னும் சொல் அதனோடு சேராது. இவ்வேறுபாட்டைத் தமிழ் எவ்வாறு கையாண்டது என அறிய நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. பொருநைக் கரையிலேயே சான்றுகள் உள்ளன.

காலம் மூன்றென வகுத்த தொல்காப்பியர், விரைவு பற்றி நிகழ்வும் எதிர்வும் இறந்தகாலச் சொல்லால் வரும் என்றார். அதற்குச் சேனாவரையர் தரும் விளக்கம் சுவையானது. உடன் புறப்பட நிற்பவன் ‘இன்னும் உண்ணவில்லையா’ என வினவினால், உண்ணத் தொடங்காதவனும் உண்டுகொண்டிருப்பவனும் ‘உண்டேன்’ என்றே விடை கூறுவர். ஆற்றூர்க் கோயிற் கல்வெட்டைக் கொண்டு, சேனாவரையரைப் பொருநைக் கரையினர் என அறிஞர் கருதுவர். களக்காட்டில் இன்றும் வாசலில் நின்று அழைத்தால், ‘இந்தா வந்துட்டேன்’ என்று குரல் கொடுப்பவர் எழுந்தே இருக்கமாட்டார்.

நம் வட்டாரக் கோயிற் சுவர்களில் நிலக்கொடைகள் ‘கொடுத்தோம்’ என்னும் முற்றால் அமைகின்றன. கொடுத்தவர் மறைந்து நூற்றாண்டுகள் ஆயின. ஆயினும் சந்திர சூரியர் உள்ளவரை அக்கொடை செல்லவேண்டும் என்பது கருத்து. ஆங்கிலப் பத்திரம் நிறைவு வடிவை நாடும் அவ்விடத்தில், ஒற்றை இறந்தகால வினையே தமிழுக்குப் போதியதாயிற்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாளையங்கோட்டையில் இரேனியசும் இடையன்குடியில் கால்டுவெலும் தமிழை ஆங்கிலத்தில் விளக்கி எழுதினர். கால்டுவெலின் ஒப்பிலக்கணம் 1856இல் வெளிவந்தது. அவர் உறுப்பினராயிருந்த குழு திருத்திய விவிலியம் 1871இல் முழுமையாக வெளிவந்தது. கிரேக்க மூலத்தில் நிறைவு வடிவில் உள்ள ஒரு வினை அதில் ‘எழுதியிருக்கிறது’ என நிற்கிறது. எழுதிய செயல் பழையது. எழுத்து இன்றும் கண்முன் உள்ளது. அவ்விடத்தில் ‘இரு’ என்னும் துணைவினை நன்கு பொருந்தியது.

ஆனால் எல்லா இடத்தும் அது பொருந்தாது. விடியலில் முற்றம் நனைந்திருக்கக் கண்டு, ‘இரவு மழை பெய்திருக்கிறது’ என்கிறோம். பெய்ததை நாம் காணவில்லை, ஈரமே சான்று. ‘நேற்றே வந்திருக்கிறான்’ என்னும் தொடரில் ‘நேற்று’ம் இடர்ப்படுவதில்லை, அவன் வரவை நாம் பின்னர் அறிந்தோம் என்பது குறிப்பு. ஆங்கில நிறைவு செயலுக்கும் இன்றைக்கும் உள்ள தொடர்பைக் கூறும். நம்முடையதோ பல இடங்களில் நாம் அறிந்த வழியையும் கூறிவிடும். ‘நேற்று’ என்பதனோடு நிறைவு வடிவைச் சேர்த்து மாணவன் எழுதும் பிழையில் அவன் தாய்மொழியின் வழக்கே ஒலிக்கிறது.

ஆங்கிலக் கவிதையைத் தமிழாக்கும் நம் நண்பர்கள் இதனை எண்ண வேண்டும். ‘ஹேவ்’ கண்ட இடமெல்லாம் ‘இரு’ சேர்த்தால், கண்ணாற் கண்டதும் கேள்வியால் அறிந்தது போலாகிவிடும். ‘இறந்தான்’ என்பவன் அருகில் இருந்தவனாகலாம். ‘இறந்திருக்கிறான்’ என்பவன் பெரும்பாலும் பின்னர் வந்து அறிந்தவன். ஒரு துணைவினையில் துயரத்தின் தொலைவே மாறுகிறது.

களக்காட்டில் எழுந்தருளியுள்ள இறைவனுக்குச் சத்தியவாகீசர் என்பது திருநாமம். வாய்மைச் சொல்லுக்குத் தலைவன் என்பது பொருள். வினைமுற்றைத் தேர்ந்தெடுக்கும் கவிஞனும் அவ்வாய்மைக்குக் கடமைப்பட்டவனே.