கலிலியோவின் சாய்தளமும் கொய்ரேயின் ஐயமும்

வெண்கலக் குண்டொன்றைச் சாய்ந்த மரப்பலகையின் தவாளிப்பில் உருளவிட்டு, ஒழுகிய நீரை நிறுத்துக் காலத்தை அளந்ததாகக் கலிலியோ 1638இல் வெளியான நூலில் எழுதினார். அலெக்சாந்தர் கொய்ரே இதனை ஐயுற்றார்: அத்தகைய கருவிகளால் அத்துணை நுட்பம் கைகூடாது, வீழ்ச்சி விதியைத் தந்தது கணிதச் சிந்தனையே. கருத்துமுதல்வாதிகளுக்கு உவப்பான முடிபுதான். ஆயின் 1961இல் தோமஸ் செற்றில் அவற்றையொத்த எளிய கருவிகளை அமைத்துச் செய்துபார்த்தார். அளவீடுகள் விதியோடு இசைந்தன. விடையை முன்னரே அறிந்தவர் அளந்தார் எனலாம். அதனினும் வலிய சான்று, 1973இல் ஸ்ரில்மன் டிரேக் ஆராய்ந்து வெளியிட்ட கையெழுத்துத் தாளாகும். சாய்தளத்தில் உருண்டு வெளியே பாய்ந்த குண்டு விழுந்த தூரம் 1172 அலகு. கணிப்பின்படி 1131 இருத்தல் வேண்டும். வேறுபாடு 41 எனக் கலிலியோவே அதிற் குறித்திருந்தார். நூலிலோ அவ்வெண்களை அவர் சேர்க்கவில்லை.