வெள்ளைப் பாஸ்பரஸும் பேரியமும்

அந்தக் காலத்துத் தீக்குச்சியைச் சுவரில் உரசினால்கூடப் பற்றிக்கொள்ளும். காரணம் வெள்ளைப் பாஸ்பரஸ். அதன் புகை ஆலைத் தொழிலாளர்களின் தாடை எலும்பை அரித்தது. இந்தியாவில் 1913-ல் தனிச் சட்டம் போட்டு அதைத் தடை செய்தார்கள். சிவப்புப் பாஸ்பரஸ் மாற்றாகக் கையில் இருந்ததால் தொழில் படுத்துவிடவில்லை. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் தொழில் கற்றுவந்து சிவகாசியில் தீப்பெட்டி செய்யத் தொடங்கியது 1923-ல். ஆக, ஊரில் தொழில் பிறக்கும் முன்பே அந்த விஷத்துக்குத் தடை வந்துவிட்டது!

பட்டாசுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. லேசாக உரசினாலே வெடிக்கும் குளோரேட்-கந்தகக் கலவைக்கு 1992-ல் தடை வந்தது. 1999-ல் சத்தத்துக்கு வரம்பு: 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபல். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சரவெடியையும் பேரியம் உப்புகளையும் தடுத்தது. இதுதான் பெரிய அடி. கம்பி மத்தாப்பு, பூச்சட்டி இரண்டும் எரிய ஆக்சிஜன் தருவது பேரியம் நைட்ரேட். பச்சை நிறமும் அதன் உபயம்தான். (பசுமைப் பட்டாசில் பச்சை காட்டுவது கஷ்டம் என்பது தனி வேடிக்கை.) அதே விலையில் மாற்றுச் சரக்கு இல்லை என்பது உற்பத்தியாளர்களின் வாதம். 2023 செப்டம்பரில் மறுபடி கேட்டார்கள், நீதிமன்றம் அனுமதிக்கவில்லை.