முப்பரிமாணக் கடைப் பலகை: கண்ணை ஏமாற்றும் உத்தியும் கவனிக்க வேண்டிய விதியும்

ஹுத்தான் மெலிந்தாங் – தெலுக் இந்தான் சாய்ந்த கோபுரத்தை வெளியிலிருந்து பார்ப்பவர்கள் அதை எட்டு மாடிக் கட்டடம் என்றே நினைப்பார்கள். உள்ளே போனால் இருப்பது மூன்றே மாடிகள். 1885ஆம் ஆண்டு எழுந்த அந்த 25.5 மீட்டர் கோபுரத்தின் வெளிப்புற அடுக்குகள்தாம் நம் கண்ணை அப்படி நம்ப வைக்கின்றன.

இல்லாததை இருப்பதாகக் காட்டும் அதே உத்தி இன்று கடைப் பெயர்ப் பலகைகளுக்கு வந்துவிட்டது. சுவரில் எழுத்து மிதப்பது போலவும், பலகைக்குள் சுரங்கம் நீள்வது போலவும் செய்கிறார்கள். மளிகைக் கடை, புடவைக் கடை, பூக்கடை, உணவகம் நடத்தும் நம்மவர்கள் முன்பணம் கட்டுவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை இவை.

கண் ஏன் ஏமாறுகிறது?

வெளிச்சம் மேலிருந்துதான் வரும் என்று நம் மூளை எடுத்துக்கொள்கிறது. தமிழ்நாட்டில் பிறந்த நரம்பியல் அறிஞர் வி. எஸ். இராமச்சந்திரன் 1988இல் வெளியிட்ட ஆய்வு இதை எளிய வட்டங்களைக் கொண்டு விளக்கியது. மேல்பாதி வெளிறி, கீழ்பாதி கருத்த வட்டம் புடைத்து நிற்பதாகத் தெரியும். அதையே தலைகீழாகத் திருப்பினால் குழியாகத் தெரியும்.

பலகைக்கும் இதுவே அடிப்படை. எழுத்தின் மேல்விளிம்பு வெளிச்சமாகவும் கீழ்விளிம்பு இருட்டாகவும் இருந்தால் எழுத்து எழும்பி நிற்கும். எல்லா எழுத்துக்கும் நிழல் ஒரே பக்கம் விழ வேண்டும். ஓர் எழுத்துக்கு இடப்பக்கமும் மற்றொன்றுக்கு வலப்பக்கமும் விழுந்தால் மாயத்தோற்றம் கெட்டுவிடும்.

வழக்கில் உள்ள முறைகள்

நிழல் ஓவியம்: தட்டைப் பலகையில் நிழலை வரைவது அல்லது அச்சிடுவது. செலவு குறைந்த வழி.

பாக்ஸ் அப் எழுத்து: தகடு அல்லது அக்ரிலிக்கைப் பெட்டி போல் மடித்துச் செய்யும் உண்மையான முப்பரிமாண எழுத்து. முகப்பு அக்ரிலிக்காக இருந்தால் உள்ளே எல்இடி விளக்கு வைக்கலாம். பெட்டியின் ஆழம் போதாவிட்டால் ஒவ்வொரு விளக்கும் புள்ளி புள்ளியாகத் தெரியும்.

பின்னொளி எழுத்து: எழுத்தைச் சுவரிலிருந்து ஓரிரண்டு அங்குலம் தள்ளிப் பொருத்தி, ஒளியைப் பின்பக்கம் பாய்ச்சுவது. இரவில் எழுத்து மிதப்பது போல் இருக்கும். பின்சுவர் மினுமினுப்பாக இருந்தால் விளக்குகள் அதில் பிரதிபலிக்கும். ஆகவே மங்கலான பூச்சே ஏற்றது.

முடிவிலிக் கண்ணாடி: பின்னால் சாதாரணக் கண்ணாடி, முன்னால் ஒளியைப் பாதி மட்டும் விடும் கண்ணாடி, நடுவில் எல்இடி. ஒளி இரண்டுக்கும் இடையே திரும்பத் திரும்பப் பட்டு, சில அங்குல ஆழத்தை நீண்ட சுரங்கமாகக் காட்டும்.

ஓவியமும் உண்மைப் பொருளும்: 2012இல் பினாங்கு ஆர்மேனியன் சாலையில் லிதுவேனிய ஓவியர் எர்னஸ்ட் சகாரெவிச் சுவரில் பிள்ளைகளை வரைந்து, அங்கே உண்மையான சைக்கிளைப் பொருத்தினார். 2014இல் ஈப்போ பழைய நகரிலும் அவர் சுவரோவியங்கள் வரைந்தார். சைக்கிள் உத்தி சிறு கடைக்கும் பொருந்தும். வரைந்த கைக்கு மேல் உண்மையான பித்தளைச் செம்பைப் பொருத்தினாலே போதும்.

சில மாயத்தோற்றங்கள் ஓர் இடத்திலிருந்து பார்த்தால்தான் சரியாகத் தெரியும். 2021இல் தோக்கியோ ஷின்ஜுகுவில் திரையை விட்டு எட்டிப் பார்த்து உலகப் புகழ் பெற்ற ராட்சதப் பூனையும் அப்படித்தான். எனவே வாடிக்கையாளர் எந்தப் பக்கமிருந்து வருகிறார் என்று முதலில் பார்க்க வேண்டும். பத்தடித் தூரத்துக்கு ஓர் அங்குல எழுத்து உயரம் என்பது துறையில் உள்ள பொதுக் கணக்கு. நூறடிக்கு அப்பாலிருந்து படிக்க வேண்டுமானால் பத்து அங்குல எழுத்து தேவை.

தமிழ் எழுத்தில் தனிக் கவனம்

பலகை செய்பவருக்குத் தமிழ் தெரியாவிட்டால் பிழை எளிதில் நுழையும். தமிழை முழுமையாக ஏற்காத மென்பொருளில் திறந்தால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய்விடும். புள்ளி தனியாகப் பிரிந்து நிற்கும். இதைத் தவிர்க்க, பெயரைச் சரியாகத் தட்டச்சு செய்து, எழுத்துகளைக் கோட்டுருவாக மாற்றி, பிடிஎஃப் கோப்பாகக் கொடுங்கள். வெட்டுவதற்கு முன் தமிழ் தெரிந்த இருவரிடம் காட்டுங்கள்.

புள்ளி தனித் துண்டு என்பதால் அதற்குத் தனிப் பிடிமானம் வேண்டும். அது கழன்று விழுந்தால் ‘கல்வி’ ‘கலவி’ ஆகிவிடும். தடித்த நிழல் ‘ர’வின் காலை மறைத்தால் அது துணைக்கால் போல் தெரியும். ‘ஞ’, ‘ணை’ ஆகியவற்றின் குறுகிய சுழிகளுக்குள் எல்இடி நுழையாது. அத்தகைய பெயர்களுக்குத் தடித்த எழுத்துரு அல்லது பின்னொளி முறை நல்லது.

மழையும் மின்சாரமும்

கடல் காற்று படும் வட்டாரங்களில் சாதாரண இரும்பு விரைவில் துருப்பிடிக்கும். துருப்பிடிக்காத எஃகிலும் 304 ரகத்தைவிட 316 ரகமே உப்புக் காற்றைத் தாங்கும். பெட்டி எழுத்தின் அடியில் நீர் வடியத் துளை இருக்க வேண்டும். 12 வோல்ட் விளக்கே ஆனாலும் அதற்கு மின்சாரம் கொடுக்கும் கருவி வீட்டு மின்னழுத்தத்தில் இயங்குவது. அதன் இணைப்பைப் பதிவு பெற்ற மின்பணியாளரே செய்ய வேண்டும்.

அனுமதி இல்லாமல் மாட்ட வேண்டாம்

விளம்பரப் பலகைக்கு ஊராட்சி மன்றத்தின் உரிமம் தேவை. 1976ஆம் ஆண்டு ஊராட்சி மன்றச் சட்டத்தின் கீழ் உள்ள துணைச் சட்டங்கள் இதைக் கட்டுப்படுத்துகின்றன. ஹுத்தான் மெலிந்தாங் கடைக்காரர்கள் அணுக வேண்டியது தெலுக் இந்தான் நகராண்மைக் கழகத்தை. பலகையில் மலாய் மொழி முதன்மையாக, மற்ற மொழியைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். அதன் வாசகத்துக்கு டேவான் பஹாசா டான் புஸ்தாகாவின் மொழி உறுதிப்பாடு பெற வேண்டும். முப்பரிமாண எழுத்து நடைபாதைப் பக்கம் எவ்வளவு நீட்டலாம் என்பதையும் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் வரைபடம், பிறகு மொழி உறுதிப்பாடு, அடுத்து உரிமம், கடைசியில் வெட்டும் வேலை. இந்த வரிசை மாறினால் ஒரே பலகைக்கு இருமுறை பணம் கட்ட நேரிடும். மலாய் எழுத்துக்குப் பிறகு மீதமிருக்கும் சிறிய இடத்தில்தான் நம் தமிழ்ப் பெயர் நிற்கப்போகிறது. அது சிறிதாக இருந்தாலும் பிழையில்லாமல் இருக்கட்டும்.