கம்ப்யூட்டருக்கு விசிறி வந்த கதை

போன மாதம் விடுமுறைக்கு வந்த பேரன், மூலையில் ஓடிக்கொண்டிருந்த என் பழைய கம்ப்யூட்டரைப் பார்த்து, "என்ன தாத்தா, மாவு மில் மாதிரி சத்தம் போடுது?" என்று கேட்டான். அவனுடைய லேப்டாப்பில் சத்தமே இல்லை. "கூட்டிக் கழிக்கிற மெஷினுக்கு எதுக்கு ஃபேன்?" என்பது அடுத்த கேள்வி. அப்போதைக்கு ஏதோ சொல்லிச் சமாளித்தேன். ஆனால் அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. அதில் நான் தலைகுனிந்த ஒரு சின்ன அத்தியாயமும் உண்டு. இரண்டையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். கம்ப்யூட்டரை பிரெஞ்சில் 'ஒர்தினத்தேர்' என்பார்கள். 1955-இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் பிரான்சுக் கிளை தன் புதிய இயந்திரத்துக்கு நல்ல பெயர் தேடியபோது, சொர்போனில் இலத்தீன் பேராசிரியராக இருந்த ழாக் பெர்ரே இந்தச் சொல்லை எடுத்துக் கொடுத்தார். உலகை ஒழுங்குபடுத்தும் கடவுளைக் குறிக்கும் அடைமொழியாக லித்ரே அகராதியில் அது இருக்கிறது என்றும் எழுதினார். கடவுள் என்று வந்துவிட்டால் சாமரம் வீசத்தானே வேண்டும்! 1980-களில் நம் அரசு அலுவலகங்களுக்கு வந்த கம்ப்யூட்டருக்கும் அந்த மரியாதைதான் கிடைத்தது. அதற்குத் தனியாக ஏ.சி. அறை. உள்ளே போகிறவர்கள் செருப்பை வாசலில் கழற்ற வேண்டும். குமாஸ்தாக்களாகிய நாங்கள் வெளியே, கோப்புகள் பறக்காமல் பேப்பர் வெயிட்டை வைத்துக்கொண்டு, சீலிங் ஃபேன் அடியில் உட்கார்ந்திருப்போம்.

அது வெறும் பந்தா இல்லை என்பது பிறகுதான் எனக்குப் புரிந்தது. கணக்குப் போடுவதற்கு மின்சாரம் வேண்டும். உள்ளே போன மின்சாரம் கடைசியில் சூடாகத்தான் வெளியே வரும். 1946-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் உலகுக்குக் காட்டப்பட்ட எனியாக்கில் சுமார் 18,000 வால்வுகள் இருந்தன. நம் வீட்டு வால்வு ரேடியோவில் ஐந்தாறு வால்வுதான் இருக்கும். ஒரு மணி நேரம் பாடினால் பெட்டியின் மேல் கை வைக்க முடியாது. எனியாக் இழுத்த மின்சாரம் சுமார் 150 கிலோவாட். அந்தச் சூட்டை விரட்டக் காற்றூதிகளையும் சேர்த்தே கட்டினார்கள்.

வால்வு போய் டிரான்சிஸ்டர் வந்து, கம்ப்யூட்டர் மேசை மேல் ஏறியதும் புதுப் பஞ்சாயத்து ஒன்று ஆரம்பமானது. சூட்டைப் பொறுப்பதா, சத்தத்தைப் பொறுப்பதா?

ஆப்பிள் நிறுவனத்தின் ஸ்டீவ் ஜாப்ஸுக்கு விசிறிச் சத்தம் பிடிக்காது. 1977-இல் வந்த ஆப்பிள் இரண்டில் விசிறி இல்லை. அதற்காக ராட் ஹோல்ட் என்ற பொறியாளர் சூடு குறைவாகக் கிளப்பும் ஸ்விட்சிங் வகை பவர் சப்ளையை வடிவமைத்துக் கொடுத்தார். நாம் இன்று எஸ்.எம்.பி.எஸ். என்று கடையில் கேட்டு வாங்குவது அந்த வகையைத்தான். அந்தத் தைரியத்தில் 1980-இல் வந்த ஆப்பிள் மூன்றிலும் விசிறி கூடாது என்று ஜாப்ஸ் பிடிவாதமாக இருந்தார். அலுமினியப் பெட்டியே சூட்டை வெளியே கடத்திவிடும் என்பது கணக்கு. கணக்கு சரியாக வரவில்லை. உள்ளே சில்லுகள் சாக்கெட்டை விட்டு எழும்பின. பெட்டியின் முன்பக்கத்தைச் சில அங்குலம் தூக்கி மேசையில் 'டொக்' என்று போடுங்கள், சில்லு மறுபடி உட்கார்ந்துகொள்ளும் என்று வாடிக்கையாளர்களுக்கு யோசனை சொல்லும் நிலை வந்தது. பழைய டிரான்சிஸ்டர் ரேடியோவைத் தட்டிப் பாட வைத்த நமக்கு இது புதிதில்லை. ஆனால் அது பல ஆயிரம் டாலர் விலையுள்ள இயந்திரம்!

1981 ஆகஸ்டில் வந்த ஐ.பி.எம். பி.சி. அந்த வீம்புக்குப் போகவில்லை. எஸ்.எம்.பி.எஸ். பெட்டிக்குள்ளேயே ஒரு விசிறியை வைத்துவிட்டார்கள். அதுவே மொத்தப் பெட்டிக்கும் காற்றை இழுத்தது. இன்று நாம் அசெம்பிள் செய்யும் எல்லா டெஸ்க்டாப்புகளும் அதன் வாரிசுகள். அதிலிருந்த 8088 பிராசசரின் வேகம் 4.77 மெகாஹெர்ட்ஸ். அதன் தலையில் அலுமினியப் பட்டையும் இல்லை, விசிறியும் இல்லை, மொட்டைத் தலை. 486 காலத்தில் தலைமேல் ஹீட் சிங்க் ஏறியது. 1993-இல் வந்த முதல் பென்டியம் ஏறக்குறைய 15 வாட் சூட்டைக் கிளப்பியது. அதிலிருந்து பிராசசர் தலையில் தனி விசிறி என்பது வழக்கமாகிவிட்டது.

டிரான்சிஸ்டர் சிறிதாகிக்கொண்டே போனால் சூடும் குறையத்தானே வேண்டும் என்று தோன்றும். 1974-இல் ஐ.பி.எம்.மின் ராபர்ட் டென்னார்டும் கூட்டாளிகளும் சொன்னது ஏறக்குறைய அதுதான். டிரான்சிஸ்டரைச் சுருக்கும்போது வோல்டேஜையும் அதே விகிதத்தில் குறைத்தால், ஒரு சதுர மில்லிமீட்டருக்கு உண்டாகும் சூடு கூடாது. முப்பது வருடம் தொழில் அந்த நம்பிக்கையில் ஓடியது. ஆனால் வோல்டேஜை ஓர் அளவுக்குக் கீழே இறக்க முடியவில்லை. டிரான்சிஸ்டர் மிகவும் நுண்ணியதானதும், மூடிய குழாயில் தண்ணீர் சொட்டுவது போல, சும்மா இருக்கும்போதும் மின்சாரம் கசிந்தது. 2001-இல் இன்டெலின் பாட் கெல்சிங்கர் ஒரு மாநாட்டில், இப்படியே போனால் சில்லின் சூட்டு அடர்த்தி அணு உலையையும், பிறகு ராக்கெட் வாயையும் எட்டிவிடும் என்று எச்சரித்தார். அதே வருடம் டாம்ஸ் ஹார்ட்வேர் என்ற இணையதளம், ஓடிக்கொண்டிருக்கும் பிராசசரின் ஹீட் சிங்க்கைக் கழற்றிப் படம் பிடித்துக் காட்டியது. பென்டியம் 4 வேகத்தைக் குறைத்துக்கொண்டு தப்பித்தது. ஏ.எம்.டி. அத்லான் சில நொடிகளில் புகைந்து செத்தது.

2004-இல் இன்டெலின் 'பிரெஸ்காட்' வகைப் பென்டியம் 4 நூறு வாட்டைத் தாண்டியது. பழைய நூறு வாட் குண்டு பல்பை நினைத்துக்கொள்ளுங்கள். அத்தனை சூடும் விரல் நகம் அளவு சிலிக்கனில்! அதற்கு அடுத்து வர இருந்த 'தேஜாஸ்' என்ற சில்லை அந்த ஆண்டு மே மாதமே கைவிட்டார்கள். 4 கிகாஹெர்ட்ஸ் பிராசசர் வரும் என்று சொன்ன வாக்கையும் அக்டோபரில் கைவிட்டார்கள். அதற்காக நிறுவனத் தலைவர் கிரெய்க் பாரெட் ஒரு கூட்டத்து மேடையில் விளையாட்டாக மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டார். விளையாட்டுதான் என்றாலும், சூட்டின் முன்னால் ஒரு பெரிய தொழிலே மண்டியிட்ட நேரம் அது. ஒரே மூளையை ஓட ஓட விரட்டுவதை விட்டுவிட்டு, இரண்டு மூளைகளை நிதானமாக நடக்க வைக்கும் வழிக்கு வந்தார்கள். 2006-இல் வந்த கோர் 2 டுவோ டெஸ்க்டாப் சில்லுகளில் பெரும்பாலானவை 65 வாட்டுக்குள் அடங்கின.

அந்தச் சூட்டுக் காலத்தின் நடுவில், 2005-இல், நானும் ஒரு கம்ப்யூட்டரை அசெம்பிள் செய்தேன். உதிரிகளை நம்மூர் கடை ஒன்றில் வாங்கினேன். என் அப்பா பிரெஞ்சில் எழுதி வைத்திருந்த நாட்குறிப்பைத் தட்டச்சு செய்வதுதான் நோக்கம். விசிறிச் சத்தம் தலைவலியாக இருந்தது. யாரோ சொன்னதைக் கேட்டு, பிராசசர் விசிறியின் ஒயரில் ஒரு ரெசிஸ்டரைச் சேர்த்து, கறுப்பு டேப் சுற்றி, மற்ற ஒயர்களோடு கட்டிவிட்டேன். விசிறி மெதுவாகியது, வீடு அமைதியாகியது. விசிறி வேகம் குறைவு என்று பயாஸ் எச்சரித்தது. அந்த எச்சரிக்கையையும் அணைத்தேன்.

குளிர்காலம் நன்றாகவே போனது. அடுத்த வருடம் அக்னி நட்சத்திரத்தில், மத்தியான வேளைகளில், இருபது நிமிடத்துக்கு ஒருமுறை பெட்டி பொட்டென்று அணைந்தது. சேமிக்காத பக்கங்கள் போயின. கோபத்தோடு கடைக்குப் போனேன். நாலு பேர் முன்னால், "பழைய ராமைப் புதுசுன்னு தலையில கட்டிட்டியே" என்று கேட்டுவிட்டேன். அந்தப் பையன் ஒன்றும் சொல்லாமல் வேறு ராம் போட்டுக் கொடுத்தான். கடையில் ஏ.சி. உண்டு. அங்கே மணிக்கணக்கில் ஓடிய பெட்டி, வீட்டுக்கு வந்ததும் அணைந்தது. பிறகு எஸ்.எம்.பி.எஸ்.ஸையும் மாற்றிப் பார்த்தான். அதே கதை. மூன்றாவது முறை அவனே வீட்டுக்கு வந்து, ஒயர்க் கட்டைப் பிரித்தான்.

"சார், இது யார் வச்சது?"

நான் பதில் சொல்லவில்லை. ரெசிஸ்டரை எடுத்துவிட்டு, தெர்மல் பேஸ்ட் புதிதாகத் தடவி, விசிறியை மாட்டினான். பழைய ராமையே திரும்பப் போட்டான். பணத்தை நீட்டினேன். "பணம் வேணாம் சார். கடையில எல்லார் முன்னாலயும் சொன்னீங்களே, அதுதான்" என்றான். மறுநாள் போய், கடையில் கூட்டம் இருக்கிற நேரமாகப் பார்த்து, தப்பு என்னுடையது என்று சொன்னேன். முப்பது வருடத்துக்கு மேல் மற்றவர்களின் விளக்கக் கடிதங்களைக் கோப்பில் வைத்தவன், என் விளக்கத்தை நின்றுகொண்டு சொன்னேன்.

அன்றிலிருந்து கற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். விசிறி காற்றைத் தள்ளும். அறையைவிடக் குளிர்ச்சியாக எதையும் ஆக்காது. அறை 20 டிகிரி இருக்கும் ஊரில் தாங்கும் ஏற்பாடு, 38 டிகிரி இருக்கும் நம் மாடி அறையில் தாங்காது. சத்தம் குறைய வேண்டுமானால் பெரிய விசிறியை மெதுவாகச் சுற்ற விட வேண்டும். விசிறி வேகம் இரண்டு மடங்கானால் சத்தம் சுமார் 15 டெசிபல் கூடும். 10 டெசிபல் கூடினாலே காதுக்கு இரட்டிப்பாகக் கேட்கும். அதனால்தான் 80 மில்லிமீட்டர் விசிறிகள் போய் 120 மில்லிமீட்டர் விசிறிகள் வந்தன. சூட்டுக்குத் தகுந்தபடி வேகத்தை மதர்போர்டே கூட்டிக் குறைக்கும் நாலு ஊசி விசிறியும் வந்தது.

பெட்டி தகராறு செய்தால் எப்போது செய்கிறது என்று முதலில் ஒரு தாளில் குறித்து வையுங்கள். சிறிது நேரம் ஓடிய பிறகு அணைந்து, ஆறிய பிறகுதான் மறுபடி ஓடுகிறது என்றால், முதல் சந்தேகம் சூட்டின் மேல். ஆன் செய்ததும் பயாஸ் திரையில் பிராசசர் வெப்பமும் விசிறி வேகமும் தெரியும். பிறகு ஒயரைப் பிடுங்கிவிட்டுத் திறந்து பாருங்கள். ஹீட் சிங்க் இடுக்கில் தூசி கம்பளி மாதிரி அடைத்திருக்கலாம், பேஸ்ட் காய்ந்திருக்கலாம், ஹீட் சிங்க் ஒரு மூலையில் தூக்கிக்கொண்டிருக்கலாம். பிரஷ்ஷால் தூசி தட்டும்போது விசிறி இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். சத்தத்திலும் விஷயம் உண்டு. கரகரவென்றால் பேரிங் காய்ந்திருக்கும். டிக் டிக்கென்றால் ஒயர் இறக்கையில் உரசுகிறதா பாருங்கள். மதர்போர்டில் கெபாசிட்டரின் தலை உப்பியிருந்தால் அது வேறு வியாதி. 2000-ஐ ஒட்டிய வருடங்களில் மட்டமான கெபாசிட்டர்களால் உலகம் முழுவதும் போர்டுகள் செத்தன. இவற்றையெல்லாம் பார்த்த பிறகு கடைக்காரரைக் கேளுங்கள்.

பேரனின் லேப்டாப் சத்தமில்லாமல் இருப்பதற்குக் காரணம், 2004-இல் பட்ட அடிக்குப் பிறகு தொழில் கற்ற பாடம்தான். அதன் சில்லு கொஞ்சமாகச் சாப்பிடுகிறது, கொஞ்சமாகச் சூடாகிறது. என்னுடையதில் உள்ளே இருப்பவை ஒருமுறை மாறிவிட்டன, பெட்டி மட்டும் அதே 2005 பெட்டி. காலையில் ஆன் செய்ததும் அந்த 'ஹும்' சத்தம் வருகிறதா என்று காது கொடுத்துக் கேட்ட பிறகுதான் உட்காருகிறேன். அப்பாவின் நாட்குறிப்பு முழுவதும் தட்டச்சாகிவிட்டது. இந்தக் கட்டுரையைப் பேரனுக்கும் அனுப்பியிருக்கிறேன். தமிழில் படிப்பானா என்று பார்க்கலாம்.